கேன்: இரண்டு டிராக், ஒரே கூடம்

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் மூன்று நண்பர்களும் கச்சேரிக் குழுக்களில் வாசிப்பவர்கள். கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, கல்யாணம் என்று சினிமாப் பாட்டு வாசித்துக் கை தேர்ந்தவர்கள். இப்போது சொந்தமாக ஏதாவது செய்து பார்க்க ஆசை. மூடிக் கிடக்கும் ஒரு ஐஸ் கம்பெனிக் கட்டடம் தெரிந்தவர் மூலம் வாடகை இல்லாமல் கிடைத்திருக்கிறது. "கேன் என்ற ஜெர்மன் ராக் குழுவைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். கேட்டுப் பார்த்தேன். இருபது நிமிஷம் ஒரே தாளம் ஓடுகிறது, பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்றே பிடிபடவில்லை. இவர்கள் யார், இதில் அப்படி என்ன இருக்கிறது, எங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?" என்பது கேள்வி.

உண்டு தம்பி, நிறையவே உண்டு. அதுவும் உங்கள் கையில் ஒரு கட்டடம் கிடைத்திருக்கும் இந்த நேரத்தில் கேட்டது நல்லதாகப் போயிற்று. கேன் குழுவின் வரலாற்றைப் பாதிக்கு மேல் அவர்கள் வாசித்த கூடங்களை வைத்தே சொல்லிவிடலாம்.

1968ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆரம்பித்த குழு. ஆரம்பித்தவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட் மேடையில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தப் பயின்றவர். பேஸ் வாசித்த ஹோல்கர் சூகாயும் அவரும் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹவுசனிடம் பாடம் கேட்டவர்கள். மின்னணுக் கருவிகளிலும் டேப்பிலும் இசையமைப்பதில் அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய பெயர் ஷ்டாக்ஹவுசன். டிரம்ஸ் வாசித்த யாகி லீபெட்சைட் ஜாஸ் உலகத்திலிருந்து வந்தவர். கிட்டார் வாசித்த மைக்கேல் கரோலி மட்டும் பத்து வயது சின்னவர், சுவிட்சர்லாந்தில் சூகாயிடம் படித்த பையன். தொடக்கத்தில் டேவிட் ஜான்சன் என்ற அமெரிக்கரும் புல்லாங்குழலோடு இருந்தார், அந்த வருஷ முடிவிலேயே விலகிவிட்டார்.

முப்பது வயதில் இருந்த இந்தப் படிப்பாளிகளை ராக் பக்கம் திருப்பியதில் கரோலிக்குப் பெரிய பங்கு உண்டு. பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை அவர்தான் தன் வாத்தியார் சூகாயிடம் போட்டுக் காட்டினார். ஷ்மிட் 1966ல் நியூயார்க் போய், ஒரே சுரத்தையும் ஒரே தாளத் துண்டையும் விடாமல் நீட்டும் இசைக்காரர்களை நேரில் கேட்டுவிட்டு வந்தார். அப்புறம் சாதாரணக் கச்சேரி மேடை அவருக்குப் போதவில்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவர்கள் எல்லோரும் போரில் தோற்ற ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். சூகாயின் குடும்பம் 1945ல் டான்சிக் நகரை விட்டு அகதிகளாகக் கிளம்பிய குடும்பம். பெற்றோர் தலைமுறையின் பெருமைப் பாட்டும் வேண்டாம், அமெரிக்க, இங்கிலீஷ் குழுக்களை நகல் எடுக்கவும் வேண்டாம் என்று நினைத்த ஒரு தலைமுறை அப்போது ஜெர்மனி முழுக்க இருந்தது. ஃபவுஸ்ட், நொய், கிராஃப்ட்வெர்க் எல்லாம் அந்த அலையில் வந்தவர்கள்தான். இங்கிலீஷ் பத்திரிகைகள் இவர்களை மொத்தமாக 'கிரௌட்ராக்' என்று ஒரு பெயரில் போட்டுக் கட்டின. அந்தப் பெயரை மறந்துவிடுங்கள், ஒருவர் வாசிப்பு இன்னொருவர் மாதிரி இருக்காது.

சரி, முதல் கூடத்துக்கு வருவோம். கொலோனுக்குப் பக்கத்தில் நோர்வெனிஷ் என்ற ஊரில் ஒரு பழைய கோட்டை மாளிகை. அதைக் கையில் வைத்திருந்த கலை ஆர்வலர் ஒருவர் வாடகை வாங்காமல் இவர்களுக்கு இடம் கொடுத்தார். உங்கள் ஐஸ் கம்பெனி மாதிரியே. கையில் இருந்தது இரண்டே டிராக், அதாவது சத்தம் பதியும் தடம் இரண்டே உள்ள ஸ்டீரியோ டேப் மெஷின், கொஞ்சம் மைக், பழைய ஆம்ப்ளிஃபயர்கள். அவ்வளவுதான்.

நான் கேசட் காலத்து ஆள். ராமநாதபுரத்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன், மைக் செட்டும் கட்டியிருக்கிறேன். அதனால் இந்த இரண்டு டிராக் சமாசாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் டிரம்ஸுக்கு எட்டு டிராக், கிட்டாருக்கு நாலு டிராக் என்று தனித்தனியாகப் பதியலாம். கிட்டார்காரர் தப்பு செய்தால் அவரை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லலாம். இரண்டு டிராக் மெஷினில் அது நடக்காது. கூடத்தில் இருக்கும் எல்லாச் சத்தமும் அந்த நொடியிலேயே கலந்து டேப்பில் உட்கார்ந்துவிடும். மேலே ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் ஓடுகிற டேப்பை இன்னொரு மெஷினுக்கு அனுப்பி, கூடவே புதிய சத்தத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஏறும், துல்லியம் இறங்கும். ஆகவே நாலு பேரும் ஒன்றாக வாசித்தாக வேண்டும். எவர் சத்தம் கூடினாலும் மற்றவர் அமுங்கிப் போவார் என்பதால் ஒவ்வொருவரும் அடக்கி வாசித்தாக வேண்டும். அடக்கி வாசிக்கும்போதுதான் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று காதில் விழும். கேன் குழுவின் இசை முழுக்க இந்தக் காது கொடுத்தலில் பிறந்ததுதான்.

அவர்கள் முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை. தனி ஆவர்த்தனம் மாதிரி ஒருவர் முன்னே வர மற்றவர் பின்னே நிற்பதும் கிடையாது. மணிக்கணக்கில் சேர்ந்து வாசிப்பார்கள், டேப் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் சூகாய் பிளேடை எடுப்பார். அந்த வேலையைச் செய்து பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் மெதுவாகச் சுழற்றினால், சத்தத்தைப் படிக்கும் ஹெட்டில் டேப் உரசி உறுமும். அந்த உறுமலுக்குள் டிரம் அடி எங்கே தொடங்குகிறது என்று காதால் தேடிப் பிடித்து, டேப்பின் முதுகில் பென்சிலால் கோடு போட வேண்டும். பள்ளம் வெட்டிய சின்ன உலோகக் கட்டையில் டேப்பைப் படுக்க வைத்து, சாய்வாக ஒரே இழுப்பில் வெட்டி, இன்னொரு துண்டின் நுனியோடு இடைவெளி இல்லாமல் சேர்த்து, பின்பக்கம் ஒட்டு டேப்பை வைத்து நகத்தால் தேய்க்க வேண்டும். நொடிக்கு 38 செண்டிமீட்டர் ஓடும் டேப்பில் அரை நொடித் தாளம் என்பது 19 செண்டிமீட்டர் நீளத் துண்டு. அதில் அரை செண்டிமீட்டர் பிசகினாலும் தாளம் நொண்டும். இப்படி மணிக்கணக்கான வாசிப்பை வெட்டி ஒட்டித்தான் 1969ல் வந்த முதல் ஆல்பமான 'மான்ஸ்டர் மூவி' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை நிறைக்கும் 'யூ டூ ரைட்' உருவானது. அதுதான் நீங்கள் சொல்லும் இருபது நிமிஷம். அந்த ஆல்பத்தை முதலில் 500 பிரதிகள் மட்டும் சொந்தமாக அச்சடித்து வெளியிட்டார்கள்.

அதில் பாடுபவர் மால்கம் மூனி, அமெரிக்கக் கறுப்பினச் சிற்பி. பாட்டுக்காரராக வந்தவர் இல்லை. ஊரிலிருந்து காதலி எழுதிய கடிதத்தின் வரிகளையே திரும்பத் திரும்பச் சொல்லி 'யூ டூ ரைட்'டைப் பாடினார். அந்தத் தீவிரம் அவரைச் சும்மா விடவில்லை. ஒரு நிகழ்ச்சியில் குழு வாசிப்பை நிறுத்திய பிறகும் 'மேல்மாடி, கீழ்மாடி' என்று கத்திக்கொண்டே இருந்தார் என்பது பலரும் சொல்லும் சம்பவம். மனநல மருத்துவரின் அறிவுரைப்படி அமெரிக்கா திரும்பினார். இதைச் சிலர் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மனிதர் நொறுங்கிய நேரம் அது, அந்தக் குரலில் அது கேட்கவும் செய்கிறது.

1970ல் மியூனிக் தெருவில் ஒரு ஜப்பானிய இளைஞர் சத்தமாகப் பாடிக்கொண்டு திரிந்தார். காபிக் கடையில் உட்கார்ந்திருந்த சூகாயும் லீபெட்சைட்டும் அவரைக் கூப்பிட்டு, இன்று ராத்திரி எங்களோடு பாட வருகிறாயா என்று கேட்டார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கே மேடை. அமைதியாகத் தொடங்கி திடீரென்று ஆவேசமாக மாறினார், கூட்டத்தில் பெரும்பாலோர் எழுந்து ஓடிவிட்டார்கள். அவர்தான் டாமோ சுசுகி. இங்கிலீஷ், ஜப்பானியம், எந்த மொழியும் இல்லாத வெறும் ஒலி எல்லாம் கலந்து முணுமுணுப்பார். வார்த்தை புரியவில்லை என்று தவிக்க வேண்டாம். அவர் குரலையும் இன்னொரு வாத்தியமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டைக் கூடத்தில் டாமோவோடு பதிந்ததுதான் 1971ன் 'டாகோ மாகோ'. இரண்டு இசைத்தட்டு கொண்ட ஆல்பம். சூகாய் இதில் ஒரு காரியம் செய்தார். மைக் சரிபார்க்கும்போது, கருவி பழுதாகி எல்லோரும் சும்மா விளையாட்டாக வாசித்துக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் சொல்லாமல் டேப்பை ஓடவிட்டார். பதிகிறோம் என்ற நினைப்பு இல்லாதபோது வருகிற வாசிப்பு அவருக்கு வேண்டியிருந்தது. இரண்டாம் தட்டின் பயங்கரமான பகுதிகளில் பலதும் அப்படிக் கிடைத்தவைதான். முதல் தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க 'ஹாலலூவா', பதினெட்டரை நிமிஷம்.

நீங்கள் கேட்ட ஒரே தாளம் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். லீபெட்சைட் முதலில் ஃப்ரீ ஜாஸ் வாசித்தவர், அதாவது ஒரு அடிபோல் இன்னொரு அடி வராத வாசிப்பு. ஒருநாள் கச்சேரி முடிந்து யாரோ ஒரு ஆள் அவரிடம் வந்து, "நீ ஒரே மாதிரி வாசிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அது அவர் மனதில் தைத்துவிட்டது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் தேடியது அந்த ஒரே மாதிரியைத்தான். நம் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது ஏலேலோ போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடி மாறாது, ஆனால் வலை கனக்கக் கனக்க அதே அடிக்குள் மூச்சும் இழுப்பும் மாறிக்கொண்டே வரும். மாறினால் கயிறு தளரும். 'ஹாலலூவா'வில் டிரம்ஸை மட்டும் மூன்று நிமிஷம் கவனியுங்கள். பெரிய டிரம் விழும் இடம் அப்படியே இருக்கும், சின்னச் சின்ன அடிகளின் கனம் மட்டும் கூடிக் குறையும். அந்த அசையாத அடி இருப்பதால்தான் கரோலியின் கிட்டார் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வர முடிகிறது. கச்சேரியில் நாலு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு மாற்றிப் பழகிய உங்கள் டிரம்ஸ்காரருக்கு இது கஷ்டமாக இருக்கும். பத்து நிமிஷத்தில் கை சலிக்கும். சலிப்பைத் தாண்டி வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

1971 கடைசியில் இரண்டாவது கூடத்துக்கு மாறினார்கள். வைலர்ஸ்விஸ்ட் என்ற சிற்றூரில் மூடப்பட்ட ஒரு சினிமா கொட்டகை. ராணுவத்தில் கழித்த மெத்தைகள் சுமார் 1500 வாங்கிச் சுவரெல்லாம் தொங்கவிட்டார்கள். அதற்குப் பெயர் இன்னர் ஸ்பேஸ் ஸ்டூடியோ. தனி ரெக்கார்டிங் அறை, தனி கண்ணாடி அறை என்று தடுப்பு எதுவும் இல்லை. வாசிப்பவரும் பதிபவரும் ஒரே கூடத்தில்.

பணம் எப்படி வந்தது என்று கேட்கலாம். சினிமாவுக்கும் டிவிக்கும் வாசித்தார்கள். 1970ல் வந்த 'சவுண்ட்டிராக்ஸ்' ஆல்பம் முழுக்கப் பட இசை. டிவியில் ஓடிய ஒரு துப்பறியும் தொடருக்கு வாசித்த 'ஸ்பூன்' ஜெர்மனியில் பெரிய ஹிட், ஆறாவது இடம் வரை ஏறியது, மூன்று லட்சம் பிரதி விற்றது. அந்தப் பாட்டில் தானாகத் தாளம் போடும் ரிதம் மெஷினும் லீபெட்சைட்டின் கையும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அந்த வெற்றியைக் கொண்டாட 1972 பிப்ரவரியில் கொலோனில் ஒரு விளையாட்டரங்கில் இலவசக் கச்சேரி வைத்தார்கள், சுமார் பத்தாயிரம் பேர் கூடினார்கள். அண்டர்கிரவுண்ட் குழு என்றால் யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. பிழைப்புக்குக் கிடைத்த வேலையைத் தங்கள் பாணியை விடாமல் செய்தார்கள், அதைத்தான் கவனிக்க வேண்டும். இன்னொன்று: எல்லாப் பாட்டும் குழுவின் பெயரில். யார் என்ன வாசித்தாலும் பங்கு சமம். சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

அதே வருஷம் 'எகே பாமியாசி'. அட்டையில் துருக்கி வெண்டைக்காய் டின் படம். அந்த ஆல்பம் தாமதமானதற்கு ஷ்மிட்டும் டாமோவும் நாளெல்லாம் செஸ் ஆடியது ஒரு காரணம் என்று சூகாய் குறைப்பட்டிருக்கிறார். பாட்டுகள் சின்னவை, பிடித்துக்கொள்ளும். அடுத்து 1973ல் 'ஃப்யூச்சர் டேஸ்'. என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். சத்தம் இறங்கி, டாமோவின் குரல் கருவிகளுக்கு நடுவே முக்கால்வாசி மூழ்கியிருக்கும். இரண்டாம் பக்கத்தின் 'பெல் ஏர்' இருபது நிமிஷம், எங்கேயும் அவசரமில்லை. இதோடு டாமோ கிளம்பிவிட்டார். ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்து, யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்து, பல வருஷம் இசையையே விட்டு விலகி இருந்தார். பிறகு திரும்பி வந்து, ஊர் ஊராகப் போய் அங்கங்கே கிடைக்கும் உள்ளூர்க்காரர்களோடு ஒத்திகையில்லாமல் பாடினார். 2024ல் காலமானார்.

அவருக்குப் பதில் ஆள் தேடாமல் கரோலியும் ஷ்மிட்டும் பாட, 1974ல் 'சூன் ஓவர் பாபலூமா'. இரண்டு டிராக்கில் பதிந்த கடைசி ஆல்பம். 1975ல் 'லேண்டட்' வரும்போது ஸ்டூடியோவுக்குப் பதினாறு டிராக் மெஷின் வந்துவிட்டது. வசதி வந்ததும் ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தனியாக வாசித்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. என் கணக்கில் குழுவின் இறக்கம் அன்றைக்கு ஆரம்பித்தது. தப்பைத் திருத்த முடியும் என்று ஆனதும் பக்கத்து ஆளைக் கேட்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 1976ல் 'ஐ வாண்ட் மோர்' இங்கிலாந்தில் ஹிட் ஆனது உண்மைதான், கேட்கவும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் பழைய கேன் அதில் இல்லை.

1977ல் பேஸ் வாசிக்க ராஸ்கோ ஜீயும் தாள வாத்தியத்துக்கு ரீபாப் குவாக்கு பாவும் சேர்ந்தார்கள். சூகாய் பேஸைக் கீழே வைத்துவிட்டு மேடைக்கு ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவைக் கொண்டுவந்தார். முள்ளைத் திருப்பி அந்த நேரத்தில் காற்றில் எது ஓடுகிறதோ அதை வாசிப்புக்குள் விடுவார். இளம் வயதில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர் அவர். நம் கரையில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இது அந்நியமாகப் படாது. ராத்திரியில் மீடியம் வேவ் தூரம் போகும். இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடியில் வேறு ஏதோ பாஷையில் செய்தி ஏறி வரும், அலை மங்கித் திரும்பும். நாங்கள் முள்ளைத் திருகி அதை விரட்டப் பார்ப்போம், சூகாய் அதையே வாத்தியமாக வாசித்தார். குழுவில் மற்றவர்களுக்கு அது ஒத்துவரவில்லை, அந்த வருஷமே விலகினார். 1979ல் அவர் தனியாக வெளியிட்ட 'மூவீஸ்' ஆல்பத்தில், ரேடியோவில் பிடித்த ஈரானியப் பாடகர்களின் குரலை வைத்துச் செய்த 'பெர்ஷியன் லவ்' இருக்கிறது. அதைக் கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும்.

அதே 1979ல் கேன் கலைந்தது. 1986ல் மால்கம் மூனியோடு மறுபடி கூடிப் பதிந்தார்கள், 1989ல் 'ரைட் டைம்' வந்தது. கரோலி 2001ல் போய்ச் சேர்ந்தார். 2017 ஜனவரியில் லீபெட்சைட், செப்டம்பரில் சூகாய். சூகாய் கடைசிவரை அந்தப் பழைய சினிமா கொட்டகையில்தான் குடியிருந்தார். மெத்தையோடு சேர்த்து ஸ்டூடியோவை மட்டும் பெயர்த்தெடுத்து குரோனாவ் நகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கொட்டகையிலிருந்து கிடைத்த பழைய டேப்புகளிலிருந்து பொறுக்கி 2012ல் 'தி லாஸ்ட் டேப்ஸ்' வெளியிட்டார்கள். அதெல்லாம் இன்று கிடைப்பதற்கு ஷ்மிட்டின் மனைவி ஹில்டகார்ட் முக்கியக் காரணம். குழுவின் நிர்வாகத்தையும் பிறகு அவர்கள் இசையை வெளியிடும் ஸ்பூன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியையும் அவர்தான் தூக்கி நிறுத்தினார். வாசிப்பவர்களை மட்டும் பேசும் வரலாறுகளில் அவர் பெயர் விட்டுப்போகிறது.

இனி உங்கள் ஐஸ் கம்பெனி. சிமெண்ட் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் சத்தம் எதிரொலித்து ஒன்றோடொன்று மோதும். ராமேஸ்வரம் லாட்ஜுகளில் கழிக்கும் பஞ்சு மெத்தைகளைக் கேட்டு வாங்கி, டிரம்ஸுக்குப் பின்னாலும் எதிர்ச் சுவரிலும் முதலில் தொங்கவிடுங்கள், மற்றது அப்புறம். ஈரப் பஞ்சில் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் காயப் போட்டு எடுங்கள். உப்புக் காற்றில் ஜாக் முனை பச்சை பூக்கும், வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் கரகரவென்று சத்தம் வரும். நாலு பேரும் வட்டமாக உட்காருங்கள், நடுவில் இரண்டே மைக். லேப்டாப்பில் எத்தனை டிராக் இருந்தாலும் ஆறு மாசத்துக்கு இரண்டுக்கு மேல் தொடாதீர்கள். வந்து லைட் போட்டதும் பதிவையும் போட்டுவிடுங்கள், பூட்டும்போதுதான் நிறுத்த வேண்டும். திருவிழா சீசனில் உங்களுக்கு நேரம் இருக்காது என்று தெரியும். தடைக்காலத்தில் 61 நாள் விசைப்படகு போகாது, ஊரும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். 'டாகோ மாகோ'வுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டதே ஏறக்குறைய மூன்று மாசம்தான்.

கேட்கும் வரிசை: முதலில் 'எகே பாமியாசி'யில் 'வைட்டமின் சி', 'ஸ்பூன்'. பிறகு 'ஃப்யூச்சர் டேஸ்' முழுசாக, இயர்போன் இல்லாமல், கூடத்தில் நாலு பேரும் சேர்ந்து. அப்புறம் 'ஹாலலூவா', அதற்கடுத்து 'யூ டூ ரைட்'. 'டாகோ மாகோ'வின் இரண்டாம் தட்டுக்கு இப்போதே போக வேண்டாம். 'லேண்டட்' கடைசியில். அதைக் கேட்கும்போது ஒருவர் வாசிப்பு இன்னொருவரை எங்கே திருப்பியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 'பெல் ஏர்'ரில் நிமிஷத்துக்கு நிமிஷம் அது கிடைக்கும், இதில் அரிதாகத்தான் கிடைக்கும்.